இடையில் ஒரு சாலை வேண்டும்

டீ வருவதற்குள் இந்தத் தாளின் பின்புறத்தில் கும்பகோணத்தை வரைந்துவிடலாம். மேலே ஒரு கோடு போடுங்கள், அது காவிரி. கீழே ஒரு கோடு, அரசலாறு. இரண்டும் மேற்கேயிருந்து கிழக்கே ஓடுகின்றன. இடையில் கிடக்கிறது ஊர். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,40,000 பேர். 1866-ல் நகராட்சி ஆனது. 2021-ல் தாராசுரத்தையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆனது. பெயர்தான் மாநகராட்சி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். ஒரு சின்ன நகரம் தன் சாலைகளை எப்படி வகை பிரிக்கிறது, எப்படித் திட்டமிடுகிறது என்று கேட்டீர்கள் அல்லவா? விளக்குவதற்கு இது நல்ல ஊர். பழங்காலத்துத் திட்டமும் இன்றைய குழப்பமும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

இப்போது வெளியூர்ச் சாலைகளைப் போடுங்கள். மேற்கே தஞ்சாவூர். வடக்கே காவிரியைக் கடந்து சென்னை. கிழக்கே மயிலாடுதுறை, காரைக்கால். தெற்கே அரசலாற்றைக் கடந்து திருவாரூர், மன்னார்குடி. ஆற்றைத் தாண்ட வேண்டுமென்றால் பாலத்துக்குத்தான் வந்தாக வேண்டும். ஊருக்குள் எத்தனை தெரு இருந்தாலும், வடக்கே போகிறவரும் தெற்கே போகிறவரும் கடைசியில் சில பாலங்களின் வாயில் வந்து கூடுகிறார்கள். இந்த ஊரின் சாலை வலையை முதலில் தீர்மானித்தது ஆறு. மனிதர் போடும் திட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வகை பிரிப்பதைப் பார்ப்போம். ஒரே சாலைக்கு ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு பெயர் உண்டு. நமக்குப் பழக்கமான பிரிவு, சாலை யாருடையது என்பது. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போவது தேசிய நெடுஞ்சாலை 36. கல்லணையிலிருந்து பூம்புகார் போகும் சாலை மாநில நெடுஞ்சாலை; அதுவும் இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. அதற்குக் கீழே மாவட்ட முக்கியச் சாலை, அதற்கும் கீழே மாவட்ட இதர சாலை. ஆலைக்குக் கரும்பு கொண்டுபோவதற்கென்றே ‘கரும்புச் சாலை’ என்று ஒரு உட்பிரிவுகூட நெடுஞ்சாலைத் துறையில் இருக்கிறது. மிச்சமிருப்பவை ஊராட்சி ஒன்றியத்துக்கோ ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ சொந்தம். இந்த அடுக்குமுறை நேற்று வந்ததன்று. 1943-ல் நாக்பூரில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் தேசிய, மாகாண, மாவட்ட, கிராமச் சாலைகள் என்று பிரித்தார்களே, அதன் தொடர்ச்சிதான்.

இந்தப் பிரிவினால் லாபம் இருக்கிறது. குழி விழுந்தால் யாரிடம் மனு கொடுப்பது, தார் போட எந்தக் கணக்கில் பணம் எடுப்பது என்பதெல்லாம் தெளிவாகும். ஆனால் அந்தச் சாலை என்ன வேலை செய்கிறது என்று இது சொல்லாது. 2016 டிசம்பரில், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உடனே பல அரசுகள் ஊருக்குள் ஓடும் நெடுஞ்சாலைகளின் வகையை மாற்றக் கிளம்பின. சண்டிகர் மாற்றியது, அது செல்லும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. சாலையில் ஒரு கல்லும் நகரவில்லை, ஓடுகிற பஸ்ஸும் லாரியும் மாறவில்லை, வகை மட்டும் மாறிவிட்டது. உடைமையை வைத்துப் பிரிப்பதன் எல்லை இதுதான்.

மாநகராட்சிப் பொறியாளரின் பதிவேட்டைத் திறந்தால் வேறு கணக்கு. சிமெண்ட் சாலை இத்தனை கி.மீ., தார்ச் சாலை இத்தனை, கப்பிச் சாலை இத்தனை, மண் சாலை இத்தனை. மேற்பரப்பை வைத்துப் பிரித்த பட்டியல் இது. பராமரிப்புக்கு அவசியம். நகரமைப்புப் பிரிவில் கேட்டால் அகலத்தைச் சொல்வார்கள், ஏனென்றால் எத்தனை மாடி கட்டலாம் என்பது முன்னாலிருக்கும் சாலையின் அகலத்தைப் பொறுத்தது. மூன்று கணக்குமே தேவைதான். ஆனால் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தாலும், காலை ஒன்பது மணிக்கு இந்தச் சாலையில் யார், எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

அதற்குத்தான் நான்காவது பிரிவு: வேலையை வைத்துப் பிரிப்பது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ், அதாவது 1934-ல் தொடங்கிய பொறியாளர் அமைப்பு, நகரச் சாலைகளை நான்கு படியாகப் பிரித்தது. 1983-ல் அது வெளியிட்ட நெறிமுறையில் ஒவ்வொரு படிக்கும் அகலமும் வேகமும் உண்டு. முதன்மைச் சாலைக்கு 50 முதல் 60 மீட்டர் அகலம், வடிவமைப்பு வேகம் 80 கி.மீ. துணை முதன்மைச் சாலைக்கு 30 முதல் 40 மீட்டர், வேகம் 60. அடுத்ததைப் பொறியாளர்கள் கலெக்டர் ரோடு என்பார்கள். தெருக்களிலிருந்து வருவதைத் திரட்டிப் பெரிய சாலையில் சேர்ப்பதால் திரட்டுச் சாலை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 20 முதல் 30 மீட்டர், வேகம் 50. கடைசியில் உள்ளூர்த் தெரு: 10 முதல் 20 மீட்டர், வேகம் 30. இந்த அகலங்கள் பெருநகரத்துக்கு ஏற்றவை. கும்பகோணத்துக்குள் 60 மீட்டர் சாலையை யாரும் கனவுகூடக் காண முடியாது, காணவும் வேண்டாம். எண்களை விட்டுவிடுங்கள், அடுக்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

டெல்டாக்காரருக்கு இதைப் புரியவைக்க நெடுநேரம் ஆகாது. ஆற்றிலிருந்து நேராக வயலுக்கு மடை திறக்கிறோமா? ஆறு, அதிலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், பிறகு கன்னி வாய்க்கால், அதற்கப்புறம்தான் வயல் மடை. ஒவ்வொரு படியிலும் நீரின் அளவு குறைகிறது, வேகம் குறைகிறது, திறக்கும் வாய்கள் கூடுகின்றன. நடுவில் வாய்க்கால் இல்லாத இடத்தில் வயலுக்கு வயல் நீர் பாய்ச்சுவார்கள். மேல் வயல்காரர் மனம் வைத்தால்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர். நம் ஊர்ப் புறநகர்களில் போக்குவரத்து இப்போது வயலுக்கு வயல் பாய்கிறது. ஆறு இருக்கிறது, மடை இருக்கிறது, இடையில் வாய்க்காலைக் காணோம்.

ஒரு சாலையால் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் நன்றாகச் செய்ய முடியாது. ஒன்று, கடந்துபோகிறவரைத் தடையில்லாமல் அனுப்புவது. இன்னொன்று, இரு பக்கமும் இருக்கும் வீட்டுக்கும் கடைக்கும் வாசலாக இருப்பது. வாசல்கள் கூடக்கூடக் கடந்துபோவது சிரமமாகும். இதற்கு ஒரு துல்லியமான அளவே இருக்கிறது. சாலைகள் காங்கிரஸின் 1990-ஆம் ஆண்டு நெறிமுறை, எல்லா வாகனத்தையும் கார்க் கணக்குக்கு மாற்றிக்கொள்கிறது. கார் ஒன்று என்றால், இருசக்கர வண்டிகள் கலந்து ஓடும் சாலையில் பைக் முக்கால், பஸ் மூன்றே முக்காலுக்கு நெருக்கம், டிராக்டரும் டிரெய்லருமாக வந்தால் ஐந்து. இப்படி மாற்றிக்கொண்ட பிறகு, எதிரும் புதிருமாக ஓடும் இருவழித்தடச் சாலையில் மணிக்கு எத்தனை கார் போகலாம்? ஓரத்தில் வாசல் இல்லை, வண்டி நிற்காது, குறுக்கே கடப்பவர் மிகக் குறைவு என்றால் 1,500. வாசல்கள் உண்டு, ஆனால் வண்டி நிறுத்தக் கூடாது என்றால் 1,200. வாசலும் உண்டு, வண்டியும் நிற்கும், குறுக்கேயும் கடப்பார்கள் என்றால் 900. தார் ஒன்றுதான், அகலமும் ஒன்றுதான். ஓரத்தில் நடப்பது மாறியதால் மட்டும் ஐந்தில் இரண்டு பங்கு கொள்ளளவு போய்விட்டது. சாலையை அகலப்படுத்து என்று கோரிக்கை எழுப்பும் முன் இந்த மூன்று எண்களை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

டீ ஆறுகிறது, குடியுங்கள். பழைய ஊரைப் பார்த்துவிட்டு வருவோம்.

சாரங்கபாணி கோயில் தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று. அது சுற்றி வரும் வீதிகளைக் கவனித்துப் பாருங்கள். நேராக இழுத்துவிடலாம், கஷ்டமெல்லாம் மூலையில்தான். முட்டுக்கட்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வடத்தை அடுத்த வீதிக்கு மாற்றி இழுக்க இடம் வேண்டும். இன்றைய பொறியாளர் ஒரு சந்திப்பை வரையும்போது, அங்கே திரும்பப்போகும் மிகப் பெரிய வாகனம் எது என்று முதலில் கேட்பார். அதற்கேற்ப மூலையை வெட்டுவார். இந்த ஊரை அமைத்தவர்களுக்கு அந்த வாகனம் தேர். அதனால்தான் தேரோடும் வீதிக்கு ஓர் அகலம், அதை ஒட்டிய குடியிருப்புத் தெருவுக்கு இன்னொரு அகலம், வீட்டுக் கொல்லைக்குப் போகும் சந்துக்கு வேறொன்று என்று அமைந்தது. எந்தத் தெரு எதற்கு என்பது வீடு கட்டும் முன்பே முடிவாகியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் ராமசாமி கோயிலைக் கட்டியபோது, அதற்கும் ஏற்கெனவே இருந்த சக்கரபாணி கோயிலுக்கும் இடையில் ஒரு வணிக வீதியையும் அமைத்தார் என்பது ஊர் வரலாறு. அதுதான் சின்னக் கடைத் தெரு. இரண்டு பெரிய இடங்களை இணைப்பது, ஓரத்தில் கடைகளுக்கு இடம் கொடுப்பது, பக்கத்துத் தெருக்காரர்களை உள்ளே சேர்த்துக்கொள்வது. நான் திரட்டுச் சாலை என்று சொன்னேனே, அதன் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது. இன்று அங்கே நெரிசல்தான். இத்தனை காலம் கழித்தும் அந்தத் தெருவை நம்பி மக்கள் வருகிறார்கள் என்றால், வரைந்தவர் சரியான இடத்தில் வரைந்திருக்கிறார் என்று பொருள்.

இப்போது ஊருக்கு வெளியே வருவோம். குறிப்பிட்ட இடத்தைச் சொல்ல மாட்டேன். எந்த நகரத்தின் எந்த ஓரத்திலும் இது நடக்கிறது. ஒரு கி.மீ. நீளம், ஒரு கி.மீ. அகலமுள்ள வயல்வெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஹெக்டேர், ஏறக்குறைய 250 ஏக்கர். ஒரு பக்கம் மட்டும் மாவட்டச் சாலை ஓடுகிறது. சாலையோரத்து ஐந்து ஏக்கர்க்காரர் முதலில் மனை போடுகிறார். நடுவில் 30 அடித் தெரு, இரு பக்கமும் 23 அடிக் குறுக்குத் தெருக்கள். நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வாங்குகிறார், தெருக்களைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்கிறார். சட்டப்படி எல்லாம் சரி. மூன்று வருடம் கழித்துப் பின்னாலிருக்கும் வயல்காரர் மனை போடுகிறார். அவருடைய தெரு முன்னவர் தெருவின் நுனியில் போய்ச் சேருகிறது, அல்லது சேராமல் பத்தடி தள்ளி மதில் சுவரில் முட்டி நிற்கிறது. இப்படி ஐம்பது மனைப்பிரிவுகள் வந்தால் அந்த வயல்வெளி நிறைந்துவிடும்.

தெருவின் நீளம் கூடக்கூட அகலமும் கூட வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளில் அட்டவணை இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது ஒவ்வொரு மனைப்பிரிவையும் தனித்தனியாக அளக்கிறது. ஐந்து ஏக்கருக்குள் எந்தத் தெருவும் நீளமாக இருக்க வாய்ப்பில்லை. ஆகவே ஐம்பது மனைப்பிரிவும் தனித்தனியே தேறிவிடும். ஐம்பதும் சேர்ந்த ஊருக்கு ஒரு பெரிய தெருகூட இருக்காது. 2016-க்கு முன் போட்ட அங்கீகாரமில்லாத மனைகளில் நிலைமை இன்னும் மோசம். 2016 அக்டோபர் 20-ஐக் கெடுவாக வைத்து, 2017-ல் வந்த விதிகள் அவற்றை வரன்முறைப்படுத்தின. மனை சட்டபூர்வமானது, பத்திரப்பதிவும் நடந்தது. தெரு பழைய அகலத்திலேயே நின்றுவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த நூறு ஹெக்டேரில் தெரு, பூங்கா எல்லாம் போக நாலாயிரம் வீடுகள் தாராளமாக வரும். வீட்டுக்கு ஒரு பைக், காலை எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் கிளம்புகிறது என்று மட்டும் வையுங்கள். நாலாயிரத்தை முக்காலால் பெருக்கினால் மூவாயிரம். பள்ளி வேன், ஆட்டோ, பால் வண்டி எதையும் சேர்க்கவில்லை. இந்த மூவாயிரமும் இறங்க ஒரே மாவட்டச் சாலை. அதன் ஓரத்தில் கடை, நிற்கும் வண்டி, டவுன் பஸ் நிறுத்தம் எல்லாம் உண்டென்றால் கொள்ளளவு 900. அந்த முக்கில் போலீஸ்காரரை நிறுத்தினாலும் சிக்னல் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

சரி, திரட்டுச் சாலை வந்தால் எவ்வளவு நிலம் போகும்? வடக்கு தெற்காக ஒன்று, கிழக்கு மேற்காக ஒன்று, தலா 60 அடி, அதாவது 18 மீட்டர். இரண்டு சாலை, தலா ஆயிரம் மீட்டர் நீளம்: 36,000 சதுர மீட்டர். நூறு ஹெக்டேரில் மூன்றரை ஹெக்டேர் சொச்சம், நூற்றுக்கு நான்குகூட இல்லை. மனை போடுகிறவர்கள் ஏற்கெனவே இதைப் போலப் பல மடங்கு நிலத்தைத் தெருவுக்காக விடுகிறார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், தெரு போக மிஞ்சிய நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகவும் கொடுத்தாக வேண்டும். நிலம் போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. விடுகிற நிலத்தை எந்தக் கோட்டில் விடுவது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான் குறை. அந்த இரண்டு கோடுகள் இருந்தால் வயல்வெளி நான்கு துண்டாகும். எந்த வீட்டிலிருந்தும் ஐந்து ஆறு நிமிட நடையில் பஸ் போகும் சாலை வந்துவிடும். நாலாயிரம் வண்டிகளும் நான்கு திசைகளில் பிரியும்.

கோட்டைப் போடும் அதிகாரம் சட்டத்தில் இல்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் நகரம் முழுவதற்கும் முழுமைத் திட்டம் போடச் சொல்கிறது. நாம் மாஸ்டர் பிளான் என்போம். அதற்குள் பகுதி பகுதியாக விரிவு அபிவிருத்தித் திட்டம், அதாவது டி.டி. பிளான். அந்தத் திட்டத்தில் கோடு போட்ட சாலையைத்தான் மக்கள் ‘ஸ்கீம் ரோடு’ என்கிறார்கள். ஸ்கீம் ரோடு என்றாலே நில உரிமையாளருக்கு நெஞ்சு படபடக்கும், நியாயம்தான். கோடு விழுந்துவிட்டால் கட்ட முடியாது, விற்றால் விலை போகாது, அரசும் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ளாது. இதற்காகத்தான் சட்டத்தின் 38-ஆம் பிரிவு ஒரு கெடு வைத்திருக்கிறது. அரசிதழ் அறிவிப்பு வந்து மூன்று ஆண்டுக்குள் நிலத்தைக் கையகப்படுத்த அறிவிக்கை வரவில்லை என்றால், பேசி வாங்கவும் இல்லை என்றால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும். குடிமகனுக்கு இது அவசியமான பாதுகாப்பு. ஆனால் சின்ன நகரத்திடம் பணம் எங்கே இருக்கிறது? 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பு, அதற்குச் சமமான ஆறுதல் தொகை, ஆக நகரத்தில் இரண்டு மடங்கு தர வேண்டும். மூன்று வருடம் ஓடிவிடும். கோடு வரைபடத்தில் அப்படியே இருக்கும். நிலத்தில் வீடு முளைத்திருக்கும்.

பணம் கொடுத்து வாங்குவதை விட்டு வேறு வழி உண்டா என்றால், உண்டு. குஜராத்தில் டவுன் பிளானிங் ஸ்கீம் என்ற முறை 1915-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டத்திலிருந்து வருகிறது. ஒரு பகுதியின் எல்லா நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். சாலை, பூங்கா, பள்ளிக்கு இடம் ஒதுக்குகிறார்கள். மிச்சத்தை ஒழுங்கான மனைகளாக வெட்டி, ஒவ்வொருவருக்கும் பழைய நிலத்துக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் குறைந்த அளவில் திருப்பிக் கொடுக்கிறார்கள். சாலையில் மாட்டிக்கொண்ட ஒருவர் மட்டும் இழப்பது என்பது இதில் கிடையாது. எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள், எல்லாருக்கும் சாலைமுகம் கிடைக்கிறது. அகமதாபாத்தைச் சுற்றி ஓடும் 76 கி.மீ. வட்டச் சாலைக்கு நிலம் திரட்டியதில் இந்த முறைக்குப் பெரிய பங்குண்டு. தமிழ்நாட்டிலும் நிலத் தொகுப்புக்குச் சட்டத்தில் இடம் செய்திருக்கிறார்கள். சின்ன நகரங்கள் இதை எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொந்தக்காரர்களை உட்காரவைத்துப் பேசப் பொறுமை வேண்டும், அளவையாளர் வேண்டும், இரண்டு மூன்று வருடம் இடம் மாறாத ஓர் அதிகாரி வேண்டும்.

இதைவிட எளிதான ஒன்று எந்தத் தாலுகா அலுவலகத்திலும் இருக்கிறது. கிராம வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வயல்களுக்கு நடுவே ஊரையும் ஊரையும் இணைத்தபடி வண்டிப்பாதைகள் ஓடும். ‘அ’ பதிவேட்டில் அவை வண்டிப்பாதை புறம்போக்கு. அறுவடைக் காலத்தில் பார வண்டி மேடு பார்த்து, வாய்க்காலைக் குறைந்த இடங்களில் கடந்து போன தடம் அது. மழைக்கு முழுகாத வழி எது என்பது நம் முன்னோருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. நிலம் ஏற்கெனவே அரசுடையது. அகலம் மட்டும் குறைவு. இரு பக்கமும் மனை போடுகிறவர் ஒவ்வொருவரும் இத்தனை அடி உள்வாங்கி வேலி போட வேண்டும் என்று ஒப்புதலோடு நிபந்தனை வைத்தால், நகரம் காசு செலவழிக்காமல் திரட்டுச் சாலை பத்து இருபது ஆண்டுகளில் தானாக விரியும். அந்தப் பாதையை மனைக்குள் மறைய விட்டுவிட்டால் மீட்பது பெரும்பாடு.

டெல்டாவுக்கே உரிய இன்னொரு சிக்கல் வாய்க்கால். இரண்டு மனைப்பிரிவுகளுக்கு நடுவே பத்தடி வாய்க்கால் ஓடினால் போதும், அவை இரண்டும் வேறு வேறு ஊர் ஆகிவிடும். வாய்க்கால் நீர்வளத் துறையின் வசம். சிறுபாலம் போட அவர்கள் அனுமதி வேண்டும், செலவு வேண்டும். தன் மனைக்குப் போக ஒரு பாலம் போடுகிறவர், பக்கத்து மனைக்கு வழிவிட இன்னொன்று போட மாட்டார். அதை மாநகராட்சிதான் போட வேண்டும். ஒரு கி.மீ. தாரைப் புதுப்பிப்பதைவிட, சரியான இடத்தில் ஒரு சிறுபாலம் அதிக வேலை செய்யும். வாய்க்காலை மூடி அதன்மேல் சாலை போட்டுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதற்கு மட்டும் ஒப்பவே கூடாது. ஐப்பசி அடைமழையில் அந்தத் தண்ணீர் போக வேறு வழி கிடையாது.

60 அடி என்றேன், அதற்குள் என்னென்ன அடங்கும் என்று பார்த்துவிடுவோம். 18 மீட்டரில் இருவழித்தடத்துக்கு 7 மீட்டர். இரு பக்கமும் நடைபாதை, தலா 1.8 மீட்டர், இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்து போகத் தேவையான குறைந்தபட்ச அகலம் அது. மீதி 7.4 மீட்டர். பக்கத்துக்கு 2.5 மீட்டர் வண்டி நிறுத்த விட்டாலும் 2.4 மீட்டர் மிஞ்சுகிறது; மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், மரம், பஸ் நிழற்குடை எல்லாம் அதற்குள் வரும். மழைநீர் வடிகால் நடைபாதைக்கு அடியில். இதை ஆரம்பத்திலேயே வரைந்து வைக்காவிட்டால், கம்பம் நடைபாதையில் ஏறும், நடக்கிறவர் தாரில் இறங்குவார், 7 மீட்டர் 5 மீட்டராகும்.

உள்ளூர்த் தெருவுக்கு வேறு நியாயம். அங்கே அகலத்தைக் கேட்காதீர்கள், வேகத்தைக் குறைக்கக் கேளுங்கள். பிள்ளைகள் பந்து விளையாடும் தெருவில் 30 கி.மீ. வேகமே அதிகம். வேகத்தடை போட வேண்டிய இடம் இதுதான். அதற்கும் அளவு உண்டு: 3.7 மீட்டர் அகலத்தில் மெல்ல ஏறி, நடுவில் 10 செ.மீ. உயர்ந்து, மெல்ல இறங்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிற வண்டியை அது குலுக்காது. நாமோ கைக்குக் கிடைத்த சிமெண்டைக் குவித்து, ஆம்புலன்ஸ் ஓடும் மாவட்டச் சாலையில் முதுகெலும்பு தெறிக்கும்படி போடுகிறோம். பள்ளிக்கூடத்துச் சந்தில் போடுவதில்லை. இந்தச் சாலை எந்தப் படியைச் சேர்ந்தது என்று ஊர் முடிவு செய்யாததன் விளைவு இதெல்லாம்.

ஒரு சாலையின் வேலையை மாற்றவும் முடியும். மகாமகத் திருவிழா வரும்போது இந்த ஊர் அதைச் செய்கிறது. 1992-ல் மகாமகக் குளத்தருகே நெரிசலில் பலர் உயிரிழந்தார்கள். 2004-லும் 2016-லும் ஊருக்கு வெளியே தற்காலிகப் பஸ் நிலையங்கள் வைத்து, குளத்துக்குப் போகும் தெரு ஒன்று, திரும்பும் தெரு வேறொன்று என்று பிரித்தார்கள். அதே போலத்தான் புறவழிச்சாலையும். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலை ஊருக்கு வெளியே போன பிறகு, ஊருக்குள்ளிருக்கும் பழைய நெடுஞ்சாலையில் தொலைதூர லாரிக்கு வேலை குறைவு. வழக்கப்படி அந்தத் துண்டு மாநிலத் துறைக்கு வந்துசேரும். காகிதத்தில் உடைமை மாறும். அத்தோடு நின்றுவிடாமல் நடைபாதையும் மரமும் கடக்கும் இடமும் வைத்து அதை நகரச் சாலையாகவே மாற்றிவிட அதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

உங்கள் ஊர் முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது, யாரும் எழுத்தில் ஆட்சேபணையும் ஆலோசனையும் தரலாம். நில உபயோக வரைபடத்தில் தன் மனை மஞ்சளா பச்சையா என்று பார்த்துவிட்டுப் பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சாலை வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். கிராம வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து, வண்டிப்பாதைகள் அதில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். புறநகரில் அரை கி.மீ.க்கு ஒரு திரட்டுச் சாலையாவது இருக்கிறதா, அது இரண்டு முனையிலும் எதையாவது தொடுகிறதா, வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் பாலம் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மனை வாங்கப் போகிறவர் என்றால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது: துண்டறிக்கையில் 30 அடிச் சாலை என்று அச்சடித்திருப்பதை நம்பி அங்கேயே நின்றுவிடாமல், அந்தச் சாலை முடிகிற இடம்வரை நடந்து போய், அதற்கு அப்பால் யாருடைய நிலம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.